ஐயனாரின் வனத்தில் தங்கப் புறப்படுமுன்

பொதிகை மலைச் சாரலில், தாமிரபரணி பாறைகளுக்கிடையே சலசலத்து ஓடும் காரையாற்றுக் காட்டில், சொரிமுத்து ஐயனார் வீற்றிருக்கிறார். ஆடி அமாவாசை நெருங்கிவிட்டால் தென்பாண்டிச் சீமையின் எத்தனையோ இல்லங்களில் பரணிலிருந்து பெரிய வெண்கலப் பானை கீழே இறங்கும். தார்ப்பாய் உதறி வெயிலில் போடப்படும். சென்னையிலும் கோவையிலும் மும்பையிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு, "இந்த வருஷமாவது எல்லாரும் கோயிலுக்கு வந்துருங்க" என்று ஊரிலிருந்து அழைப்புப் போகும். இறங்கித் தரிசித்து உடனே திரும்பும் பயணமன்று இது. காட்டில் குடில் போட்டு, ஆற்றில் நீராடி, அடுப்பு மூட்டிப் பொங்கலிட்டு, ஐயனின் காவலில் இரவைக் கழித்து வருவதே தலைமுறை தலைமுறையாக வந்த முறை.

மின்விளக்கு இல்லாத, தொலைபேசி பெரும்பாலும் பேசாத அந்த இரவுகளுக்கு முதியவர்கள் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும்? வீட்டுப் பெரியவர் என்ற முறையில் மற்றவர்களை எவ்வாறு ஆயத்தப்படுத்த வேண்டும்? இவற்றைச் சிந்திப்பதற்கே இக்கட்டுரை. குலதெய்வம் வேறாக இருந்தாலும், காட்டுக்குள்ளோ மலைமேலோ உள்ள எந்தச் சந்நிதிக்குப் புறப்படும் அன்பருக்கும் இதில் கூறப்படுபவை பெரும்பாலும் பொருந்தும்.

யாருடைய இல்லத்தில் தங்குகிறோம்?

ஐயனார் எல்லைக் காவல் தெய்வம். தமிழகத்தில் அவர் கோயில் இருக்குமிடமெல்லாம் ஒரு சிறு காடும் இருப்பதைக் காணலாம். அந்தக் காட்டில் சுள்ளி ஒடிக்கவும் நம் முன்னோர் அஞ்சினார்கள். ஊரில் ஒரு சோலையளவாக இருக்கும் அந்தக் கோயில் காடு, காரையாற்றில் மலையளவாக விரிந்து கிடக்கிறது.

இங்கே ஐயனாருடன் மகாலிங்க சுவாமி, சங்கிலி பூதத்தார், பிரம்மராட்சசி அம்மன், தளவாய் மாடன், பேச்சியம்மன், பட்டவராயன் எனப் பல தெய்வங்கள் குடிகொண்டிருக்கின்றன. சபரிமலைக்கு மாலையணியும் அன்பர்கள் பலர் இந்தச் சந்நிதியில் விரதம் தொடங்குவதும் உண்டு. கோயில் வளாகத்து இலுப்பை மரத்தில் வேண்டுதல் நிறைவேறியவர்கள் மணி கட்டுவார்கள். மரம் பருக்கப் பருக்க, அந்த மணிகளை அதன் பட்டை மெல்ல மூடிக்கொள்கிறது. அதனால் 'மணி விழுங்கி மரம்' என்றே அதற்குப் பெயர் வழங்குகிறது.

பட்டவராயன் வரலாறு வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் கதையாகப் பாடப்படுவது. அந்தணர் குலத்தில் பிறந்தவர். தோல் தொழில் செய்த குடும்பத்துச் சகோதரிகளான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்க விரும்பி, குலப் பெருமையைத் துறந்து, தாமே செருப்புத் தைக்கவும் கற்றுக்கொண்டவர். இறுதியில் ஆநிரை கவர வந்த கள்வரோடு போரிட்டு உயிர் துறந்தார். ஆகவே இன்றும் அவர் சந்நிதிக்குத் தோல் செருப்பே காணிக்கை. இரவெல்லாம் அந்தச் செருப்பை அணிந்து அவர் காட்டைக் காவல் சுற்றுகிறார் என்றும், காணிக்கைச் செருப்புகளின் அடி தேய்ந்திருப்பதே அதற்குச் சான்று என்றும் அடியார்கள் நம்புகிறார்கள்.

குடிலில் படுத்திருக்கும் நம்மைச் சுற்றிக் காவல் நடக்கிறது என்ற நம்பிக்கையோடுதான் பெரியவர்கள் அங்கே கண் அயர்ந்தார்கள். அந்தக் காவல் நமக்கு மட்டும் உரியதன்று. ஆநிரை காத்த தெய்வம் அங்குள்ள மானையும் மந்தியையும் மரத்தையும் சேர்த்தே காக்கிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், காட்டில் எப்படி நடந்துகொள்வது என்பது தானாகவே விளங்கிவிடும்.

தங்கும் நாள்கள் ஏன் சுருங்கின?

ஒரு காலத்தில் ஆடி அமாவாசைக்குப் பல நாள் முன்பே வண்டி கட்டிப் போய், காட்டிலேயே நெடுநாள் தங்கியிருந்தவர்கள் நம்மிடையே இன்றும் உள்ளனர். சிங்கம்பட்டி ஜமீனின் பாரம்பரியத்தில் வந்த கோயில் இது. விழா நாளில் ராஜ உடையில் கொலுவீற்றிருந்து மக்களுக்குக் காட்சியளித்த ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020-ஆம் ஆண்டு மறைந்தார். அவர் காலத்துத் திருவிழாவைக் கண்டவர்களுக்கு அந்த நினைவு எளிதில் மறையாது.

இன்று அந்த நெடிய தங்கல் அமாவாசையை ஒட்டிய ஒரு சில நாள்களாகக் குறுகிவிட்டது. இதற்குக் காரணம் உண்டு. கோயில் அமைந்திருப்பது களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகத்தினுள். தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாக 1988-இல் அறிவிக்கப்பட்ட காடு அது. புலி, சிறுத்தை, யானை, கரடி, சிங்கவால் குரங்கு ஆகியன வாழுமிடம். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தின் ஒரு பகுதியான இம்மலைக்கு 2016-இல் யுனெஸ்கோவின் அங்கீகாரமும் கிட்டியது. இத்தகைய காட்டுக்குள் சில நாள்களில் பெருந்திரளாக மக்கள் நுழைந்து, சமைத்து, குளித்து, கழித்து, குப்பையை விட்டுவிட்டு வந்தால் காடு எவ்வளவு தாங்கும்?

கட்டுப்பாடுகளைப் பற்றி மனத்தாங்கல் கொள்வோர் உண்டு. "எங்க பாட்டன் பூட்டன் தங்குன எடம், எங்களைத் தடுக்க இவங்க யாரு?" என்ற கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் நம் பாட்டனார் இலையில் உண்டார், மண்பானையில் பொங்கினார், ஓலையில் குடில் வேய்ந்தார். அவர் விட்டுச் சென்றவை அனைத்தையும் அடுத்த மழையே மண்ணாக்கியது. நாம் விட்டுவரும் நெகிழித் தாள் நம் பேரனுக்குப் பேரன் வரும்போதும் அங்கேயே கிடக்கும். தங்கும் வழக்கம் நிலைக்குமா, நிலைக்காதா என்பது பெருமளவு நம் நடத்தையில்தான் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நாம் விட்டுவரும் இடத்தின் தூய்மையே அடுத்த ஆண்டு அனுமதிக்கு நாம் கொடுக்கும் விண்ணப்பம்.

போகலாமா, வேண்டாமா?

முதலில் இந்தக் கேள்விக்கு முதியவர்கள் தமக்குத் தாமே நேர்மையாக விடை கூறிக்கொள்ள வேண்டும். "ஐயன் பார்த்துக்கொள்வார்" என்பது உண்மையே. நமக்கு அறிவைக் கொடுத்திருப்பதும் அதே ஐயன்தான்.

அண்மையில் இதய சிகிச்சை செய்துகொண்டவர்கள், மூச்சிரைப்பு உள்ளவர்கள், நடக்கும்போது தலைசுற்றல் வருபவர்கள், இரவில் ஒருவர் துணையின்றி எழ முடியாதவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கலந்தே முடிவெடுக்க வேண்டும். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து நாள்தோறும் காலையில் அரை மணி நேரம் நடந்து பாருங்கள். தரையில் பாய் விரித்து நான்கைந்து இரவுகள் படுத்து, எவர் கையையும் பிடிக்காமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். ஒரு நாள் மாலை வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, கைவிளக்கு ஒன்றின் துணையோடு உண்டு, படுத்து, எழுந்து பழகுங்கள். வீட்டிலேயே இயலாதது காட்டில் இயலாது.

தங்க இயலாது என்று தெரிந்தால் வருந்த வேண்டியதில்லை. விழாக் கூட்டமில்லாத ஒரு நாளில், வனத்துறை அனுமதிக்கும் பகல் வேளையில் போய்த் தரிசித்து, மாலைக்குள் பாபநாசத்துக்கு இறங்கிவிடலாம். மஞ்சள் துணியில் காணிக்கையை முடிந்து பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பலாம். பாபநாசநாதரையும் உலகம்மையையும் வணங்கி, தாமிரபரணிப் படித்துறையில் முன்னோருக்கு எள்ளும் நீரும் விட்டாலும் அமாவாசைக் கடன் நிறைவேறும். நவகைலாயங்களுள் முதலாவதான அத்தலமே மலையேறுவோருக்கும் வாயில். மேலே போகிறவர்களும் அங்கே வணங்கிவிட்டே ஏறுவது நன்று.

போவதென்று முடிவு செய்தால், தனியாகப் போகாதீர்கள். உங்கள் அருகில் படுக்கவும், இரவில் உங்களோடு எழவும் ஒருவரைப் பெயர் சொல்லிக் குறித்துவிடுங்கள். "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் ஒருவரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பது கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்கள் அறிந்த உண்மை.

மூட்டை கட்டுமுன்

எந்தெந்த நாளில் தங்கலாம், வாகனங்கள் எதுவரை செல்லலாம், எவற்றை எடுத்துச் செல்லக் கூடாது என்பவற்றை ஆண்டுதோறும் மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் அறிவிக்கின்றன. சென்ற ஆண்டு இருந்த விதி இந்த ஆண்டும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நாளேட்டில் அறிவிப்பைப் பார்த்த பிறகே பயணச் சீட்டு எடுங்கள். தனியார் வாகனங்களை மலையடிவாரத்திலேயே நிறுத்தி, அங்கிருந்து அரசுப் பேருந்தில் அழைத்துச் செல்லும் ஏற்பாடு அண்மைக் காலங்களில் இருந்து வருகிறது. ஆகையால் ஒவ்வொரு மூட்டையும் ஒருவர் தூக்கிப் பேருந்தில் ஏற்றக்கூடிய எடையில் இருக்கட்டும். ரயிலில் வருவோர் திருநெல்வேலி - தென்காசித் தடத்திலுள்ள அம்பாசமுத்திரத்தில் இறங்கலாம்.

முதலாவது தேவை வெளிச்சம். ஆடி அமாவாசை என்பது நிலவே இல்லாத இரவு. நகரத்தில் பிறந்த பேரப்பிள்ளைகள் அத்தகைய இருளைக் கண்டதே இல்லை. ஆளுக்கு ஒரு டார்ச் விளக்கு வேண்டும். மாற்று பேட்டரியும் வேண்டும். முதியவர்கள் டார்ச்சைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டால் இருட்டில் தேட வேண்டியிராது. குடிலுக்குள் அகல், மெழுகுவத்தி, அரிக்கேன் விளக்கு ஆகியவற்றை ஏற்றிவைத்துவிட்டு உறங்கக் கூடாது. தார்ப்பாயில் பற்றும் தீ நொடியில் பரவும். உள்ளே பேட்டரி விளக்கே ஏற்றது.

இரண்டாவது, ஈரத்திலிருந்து காப்பு. ஆடியில் பொதிகையில் சாரல் இருக்கும். தரைக்கு ஒரு தார்ப்பாய், கூரைக்கு ஒன்று. மேலே கோரைப்பாய், ஜமுக்காளம், கம்பளி. மாற்று உடைகளை இரண்டு உறைகளில் பிரித்து வையுங்கள். ஒன்று நனைந்தாலும் மற்றொன்று இருக்கும். காதை மூடும் தொப்பியும் கால் உறையும் முதியவர்களுக்கு இன்றியமையாதவை. வழுக்காத செருப்பும் ஊன்றுகோலும் வேண்டும். ஊன்றுகோல் இதுவரை பழகாதவரும் ஆற்றங்கரைப் பாறைகளில் அதன் அருமையை உணர்வார்.

மூன்றாவது, உணவு. முதல் நாளுக்கு இட்லி மிளகாய்ப் பொடி தடவியது, புளியோதரை, எலுமிச்சைச் சோறு ஆகிய கட்டுச்சோறு போதும். பிறகு அரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், அவல், சத்துமாவு, சுக்கு, கருப்பட்டி. இவற்றைத் துணிப் பையிலும் எவர்சில்வர் டப்பாவிலும் எடுத்துச் செல்லுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழகம் முழுவதும் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை உண்டு. காப்பகத்தினுள் சோதனை இன்னும் கடுமையாக இருக்கும். தண்ணீருக்குத் தூக்குப் பாத்திரமோ செம்புக் குடமோ உதவும். குடிக்கும் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றியே குடிக்க வேண்டும். அமாவாசைக் கூட்டத்தில் ஆற்று நீரை அப்படியே பருகலாகாது. சாப்பிட வாழையிலையும் தையல் இலையும் இருக்க, காகிதத் தட்டு எதற்கு?

பொங்கலிடக் காட்டில் விறகு ஒடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். சட்டம் அதற்கு இடம் தராது. கோயில் காட்டின் மரபும் இடம் தராது. அனுமதிக்கப்பட்ட எரிபொருளை வெளியிலிருந்தே கொண்டு போக வேண்டும். அனுமதித்த இடத்தில் மட்டும் அடுப்பு மூட்டி, வேலை முடிந்ததும் நீர் ஊற்றி, கையால் தொட்டாலும் சூடு தெரியாத அளவுக்கு அணைத்துவிட வேண்டும்.

மருந்துப் பெட்டி

காட்டில் மருந்துக் கடை கிடையாது. விழா நாள்களில் அரசு மருத்துவ முகாம் அமைப்பது வழக்கம் என்றாலும், நீங்கள் நாள்தோறும் உண்ணும் அதே மாத்திரை அங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. தங்கும் நாள்களைப்போல் இருமடங்கு நாளுக்கான மாத்திரைகளை எடுத்துக்கொண்டு, பாதியை உங்கள் பையிலும் பாதியை மகன் அல்லது மகளின் பையிலும் வையுங்கள். உங்கள் பெயர், வயது, நோய், உண்ணும் மருந்துகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, உறவினர் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில், அல்லது இடுப்பில் செருகும் சுருக்குப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் வழி தவறினாலும் மயங்கினாலும் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

நீரிழிவு உள்ளவர்கள் விரதம் என்ற பெயரில் உணவைத் தள்ளிப்போட வேண்டாம். கற்கண்டோ வெல்லமோ எப்போதும் மடியில் இருக்கட்டும். இன்சுலின் செலுத்துபவர்கள், குளிர்பெட்டி இல்லாத இடத்தில் அதை எவ்வாறு பாதுகாப்பது என்று முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டறியுங்கள். வெயிலிலும் அடுப்புக்கருகிலும் அதை வைக்கவே கூடாது.

ஈரக்காட்டில் அட்டை இருக்கும். பிடித்து இழுக்காமல் சிறிது உப்பைத் தொட்டு வைத்தால் விழுந்துவிடும். கடித்த இடத்தில் சற்று நேரம் குருதி கசிவது இயல்பு. ஆனால் குருதி உறையாமலிருக்க மாத்திரை உண்பவர்களுக்குக் கசிவு நெடுநேரம் நீடிக்கலாம். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, மருத்துவ முகாமில் காட்டிவிடுங்கள்.

பாம்பு தீண்டினால் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது ஆகிய பழைய கைவைத்தியம் எதுவும் வேண்டாம். தீண்டப்பட்டவரை நடக்கவிடாமல், அந்த உறுப்பை அசைக்காமல், அச்சத்தைத் தணித்து, முதலில் கிடைக்கும் வாகனத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அம்பாசமுத்திரத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. தொலைபேசி எடுக்காத இடமாதலால், மருத்துவ முகாமும் காவலரும் எங்கே இருக்கிறார்கள் என்பதைக் குடில் போட்ட உடனே எல்லோரும் ஒரு முறை நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள்.

ஆறும் இருளும்

மலைமேல் எங்கோ பெய்யும் மழை, நாம் நிற்கும் இடத்தில் வெயிலடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரலாம். நீர் கலங்கினாலோ, இலைதழைகள் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேறிவிட வேண்டும். குளிக்க ஒதுக்கிய துறை தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. முதியவர்கள் கரையில் அமர்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டாலே தீர்த்தமாடிய பலன் உண்டு.

எண்ணெயும் சீயக்காயும் சோப்பும் ஆற்றில் வேண்டாம். இங்கிருந்து புன்னைக்காயலில் கடலில் கலக்கும் வரை, நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கும் நீர் இது. எத்தனையோ அணைக்கட்டுகளும் கால்வாய்களும் பாய்ச்சும் வயல்களுக்கு உயிர் இது. முன்னோர் கடன் கழித்த பின் உடுத்த துணியை ஆற்றில் விட்டுவிடும் வழக்கத்தை அறவே நிறுத்த வேண்டும். பாபநாசத்தில் அப்படி விடப்பட்ட துணிகள் குவியல் குவியலாகச் சேர்ந்து மீன்களுக்கும் படித்துறைக்கும் பெருந்துன்பமாகிவிட்டன. பாவம் தொலைக்கப் போன இடத்தில் புதுப் பாவத்தைச் சேர்த்துக்கொண்டு வரலாமா? அந்தத் துணியைத் துவைத்து எடுத்துவந்து இல்லாதவர் ஒருவருக்குப் புதுத் துணியோடு சேர்த்துக் கொடுங்கள். பிதிர்கள் அதிகம் மகிழ்வார்கள்.

குரங்குகளுக்கு உணவு கொடுக்க வேண்டாம். நம் கையிலிருந்து வாங்கிப் பழகிய குரங்கு, அடுத்து வரும் குழந்தையின் கையிலிருந்து பறிக்கும். மீந்த சோற்றைக் குடிலைச் சுற்றிக் கொட்டினால் பன்றியும் கரடியும் தேடி வரும். தட்டில் வைத்ததை உண்டு முடிக்கும் அளவுக்கே பொங்குங்கள்.

இரவில் இயற்கைக் கடனுக்கு எழுவதுதான் முதியவர்களுக்கு உள்ள பெரிய இடர். வெட்கப்பட்டு அடக்கிக்கொள்வதோ, பிறரை எழுப்பத் தயங்கித் தனியே போவதோ இரண்டுமே தீங்கு. மாலையிலேயே கழிப்பிடத்துக்கு வழி பார்த்துக்கொண்டு, குடிலையும் கூடியவரை அதற்கு அருகில் அமைக்கச் சொல்லுங்கள். இரவில் துணையுடன், விளக்குடன், தரையைத் தட்டிக்கொண்டே செல்லுங்கள். காலையில் செருப்பை உதறிவிட்டே கால் நுழைக்க வேண்டும்.

பெரியவர்கள் மட்டுமே எடுத்துச் செல்லக்கூடிய மூட்டை

"தாத்தா, அங்க சார்ஜ் போட எடம் இருக்குமா?" என்று பேரன் கேட்பான். "இருக்காது ராசா, அதுக்குத்தான் போறோம்" என்று சொல்லுங்கள். பவர் பாங்க் ஒன்றை அவசரத்துக்கு ஒருவர் வைத்திருந்தால் போதும். விளக்கில்லாத வீட்டில் பிறந்து, அடுப்பூதிச் சமைத்து, வானத்தைப் பார்த்தே மணி சொன்ன தலைமுறை உங்களுடையது. இந்தப் பயணத்தில் மட்டுமாவது வீட்டிலுள்ள இளையவர்கள் எல்லாவற்றுக்கும் உங்களைக் கேட்டாக வேண்டும். மூன்று கல் கூட்டி அடுப்பு வைப்பது, ஈர விறகைப் பற்றவைப்பது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று பார்த்துக் குடிலின் வாசலை அமைப்பது ஆகியவற்றை நீங்களே செய்துவிடாமல், அவர்களைச் செய்யவிட்டு அருகிருந்து சொல்லிக்கொடுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. உங்கள் குடும்பம் எந்தச் சந்நிதியில் முதலில் பொங்கலிடும், எந்தத் தெய்வத்துக்கு என்ன படைப்பு, எவர் கையால் திருநீறு வாங்குவது, முதல் முடி எந்தப் பிள்ளைக்கு எப்போது இறக்கப்பட்டது, பங்காளிகள் எவரெவர் - இவை எந்த நூலிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. உங்கள் நினைவில் மட்டுமே உள்ளன. நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, புறப்படுமுன் இவற்றை எழுதிவிடுங்கள். எழுத இயலாதவர்கள் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதட்டும். காட்டில் இரவு உணவுக்குப் பின் அதை எல்லோரும் கேட்க வாசித்து, விட்டுப்போனதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குலதெய்வத்தின் பெயரே மறந்து சோதிடரிடம் போய் நிற்கும் குடும்பங்களை நாம் பார்க்கிறோம். அந்த நிலை உங்கள் வழியில் வருவோருக்கு வராதிருக்க இந்த ஒரு நோட்டுப் போதும்.

திரும்பும் நாள்

குடிலைப் பிரித்த பின் ஒரு வேலை மீதமுண்டு. குடும்பத்தார் அனைவரும் கை எட்டும் இடைவெளியில் வரிசையாக நின்று, நாம் தங்கிய இடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, கண்ணில்பட்டதையெல்லாம் பொறுக்க வேண்டும். கற்பூர உறை, ஊதுபத்தி அட்டை, பால் பாக்கெட்டின் வெட்டிய மூலை, தார்ப்பாய் கட்டிய நைலான் கயிறு, அறுந்த பழைய செருப்பு என ஒன்றும் விடக் கூடாது. பட்டவராயனுக்குக் காணிக்கையாக வைத்த புதுச் செருப்பு ஒன்றுதான் அங்கே இருக்க வேண்டிய செருப்பு. பக்கத்துக் குடிலார் விட்டுச் சென்ற குப்பையையும் ஒரு கைப்பிடி சேர்த்தே எடுங்கள். அதற்கென்று இரண்டு சாக்குகளை முதலிலேயே மூட்டையில் வைத்துவிடுங்கள். மலையடிவாரத்துக்கு வந்த பின் உரிய இடத்தில் சேர்த்துவிடலாம்.

இளையவர்கள் பேருந்துக்கு நேரமாகிறது என்று பறப்பார்கள். அப்போது உரத்துச் சொல்ல வேண்டியவர் வீட்டுப் பெரியவர்தான்: "ஐயன் வீட்டைக் கூட்டிட்டுத்தான் கெளம்பணும்!" அதிகாரி சொன்னால் அது கட்டளை, தாத்தாவோ ஆச்சியோ சொன்னால் அது குடும்ப வழக்கம். இரண்டு மூன்று ஆண்டுகள் இவ்வாறு செய்துவிட்டால், உங்களுக்குப் பிறகும் அதைச் செய்யாமல் அவர்கள் புறப்பட மாட்டார்கள்.

பிறகு சந்நிதிக்கு நேராக நின்று கைகூப்பி, "போயிட்டு வாறோம் ஐயா, அடுத்த வருஷமும் கூப்பிடு" என்று விடைபெறுங்கள். நாம் துடைத்து வைத்துவிட்டு வந்த அந்தத் தரையில் அன்றிரவு மான்கள் மேயும். காவல் சுற்றும் தெய்வத்தின் காலில் முள்ளும் கண்ணாடியும் குத்தாது. சொரிமுத்து ஐயனார் உங்கள் குலத்தையும் அவருடைய வனத்தையும் ஒருசேரக் காத்தருள்வாராக!